பக்கத்தில் விழுந்தவன்

“படுறா! படு!”

படுக்கிறேன். முகம் மண்ணில். வாயில் மண். தலைக்கு மேலே விசில் அடிப்பது போல ஒரு சத்தம். விசில் நிற்கிறது. நிற்பதுதான் மோசம். நின்றால் விழப்போகிறது.

விழுந்தது. தரை என்னைத் தூக்கிப் போட்டது.

கண்ணைத் திறக்கிறேன். புகை. சிமெண்டுத் தூள். எங்கோ தண்ணீர் கொட்டுகிறது. நம் தெருவில் லாரித் தண்ணீர் சம்ப்பில் இறங்குமே, அதே சத்தம். வலது பக்கம் திரும்புகிறேன். எபி கிடக்கிறான். என்னைப் படுக்கச் சொல்லிக் கத்தியது அவன்தான். அவன் படுக்கவில்லை. இரண்டு கையிலும் தண்ணீர் கேன். கேன்களைச் சாயாமல் கீழே வைக்க ஒரு நொடி எடுத்துக்கொண்டான். அந்த ஒரு நொடி.

சூடான் நாடு. கார்ட்டூம் நகரம். ஒரு மருத்துவமனையின் பின்முற்றம். ரம்ஜான் பெருநாள் வெள்ளிக்கிழமை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

நான் ஜோயல். தாம்பரத்துக்காரன். வீடு சேலையூர் பக்கம். பயோமெடிக்கல் படித்தேன். டயாலிசிஸ் இயந்திரங்களைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் என் வேலை. எபினேசர் என் சீனியர். ஊரப்பாக்கம். டயாலிசிஸுக்குச் சுத்தமான தண்ணீர் நிறைய வேண்டும். அந்தத் தண்ணீரைத் தரும் ஆர்.ஓ. பிளான்ட் அவன் பொறுப்பு. இருவருக்கும் ஒரே திருச்சபை, தாம்பரத்தில். வேலை வாங்கிக் கொடுத்தவனும் அவன்தான். ஊரில் சும்மா அலைவதற்குப் பதில் வெளிநாடு போகலாம் என்று துள்ளிக் குதித்துக்கொண்டு போனேன்.

ராணுவத்துக்கும் துணை ராணுவப் படைக்கும் சண்டை தொடங்கியது ஏப்ரல் பதினைந்து, 2023. சனிக்கிழமை. காலை. முதலில் பட்டாசு என்று நினைத்தேன். அரைமணி நேரத்தில் சத்தங்களைப் பிரித்தறியப் பழகிவிட்டேன். போர் விமானம் என்றால் கெட்டித் துணியைக் கிழிப்பது போல. அதைச் சுடுகிற துப்பாக்கி என்றால் கடை ஷட்டரைத் தடியால் அடிப்பது போல. பீரங்கி என்றால் முதலில் நெஞ்சில், பிறகு காதில்.

இரண்டாம் நாள் மின்சாரம் போனது. பிறகு ஜெனரேட்டருக்கு டீசல் தீர்ந்தது. இயந்திரங்கள் நின்றன. டயாலிசிஸ் நோயாளிகள் நடைபாதையில் படுத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார்கள். ஏதாவது செய் என்று கேட்கவில்லை. பார்த்தார்கள்.

முன்கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டி உடைந்திருந்தது. எபியின் ஆர்.ஓ. அறைத் தொட்டியில் மட்டும் தண்ணீர் மிச்சம். மருத்துவமனையில் இருந்தவர்கள், பக்கத்துத் தெருவிலிருந்து ஓடி வந்தவர்கள், அவர்களின் குழந்தைகள், எல்லோருக்கும் அதுதான். இடையில் திறந்த முற்றம். எபி சுமந்தான். நானும் சுமந்தேன்.

“மச்சான், ஊரப்பாக்கம் கேன் வாட்டர்ல பாசி வாட அடிக்குதுன்னு எங்கம்மா கிட்ட எவ்ளோ சண்ட போட்டுக்கீறேன் தெரியுமா? இப்ப அது கெடச்சா கேனோட முழுங்கிடுவேன்டா.”

சிரித்தேன். உதடு வெடித்து ரத்தம் வந்தது.

மாடிப்படிக்குக் கீழே இருந்தோம். சாயங்காலமானால் எபி, இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தைத் தொடங்குவான். அன்றன்றுள்ள ஆகாரம் கேட்கிற இடத்தில் நிறுத்திவிடுவான். “இது போதும் மச்சான். மீதிய நாளைக்குக் கேட்டுக்கலாம். அவருக்கும் இங்க ஓவர்டைம்.” இதுதான் அவன் பக்தி. சத்தமாக ஜெபித்ததில்லை. தரிசனம் எதுவும் பார்த்ததில்லை. காலையில் எழுந்ததும் கேனை எடுத்தான்.

வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறேன்.

எபிக்குக் காயம் வயிற்றில். அவனை இழுத்துக்கொண்டு உள்ளே போனேன். வாட்ச்மேன் அம் பஷீர் காலைப் பிடித்துக்கொண்டார். அங்கே பெரியவர்களை அம் என்றுதான் கூப்பிடுவார்கள். நம் சித்தப்பா மாதிரி. நர்ஸ் ஓடி வந்தார். பார்த்தார். என்னிடம் கத்தினார். தண்ணீர் கொடுக்காதே. ஒரு சொட்டுக் கூடாது.

எபி கேட்டது தண்ணீர்தான்.

“தண்ணி மச்சான்.” “டேய். தண்ணி.” வேறு எதுவும் சொல்லவில்லை. ஒரு முறை என்னைத் திட்டினான். எழுதக் கூடாத வார்த்தை. வெளியே ஆர்.ஓ. தொட்டியும் உடைந்து முற்றம் முழுக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அத்தனை தண்ணீர். என் சட்டையைக் கழற்றி நனைத்தேன். உதட்டை மட்டும் ஈரப்படுத்தினேன். துணியைப் பல்லால் பிடித்துக்கொண்டான். விடவில்லை. எங்கிருந்தோ மதியத் தொழுகைக்கு அழைப்பு வந்தது. அப்போது பல் தளர்ந்திருந்தது.

மருத்துவமனைத் தோட்டத்தில் ஒரு வேப்பமரம். அம் பஷீரும் நோயாளிகளின் உறவினர்கள் இரண்டு பேரும் தோண்டினார்கள். பெருநாளுக்கு வாங்கிய புது ஜிப்பா அம் பஷீர் உடம்பில். முழங்கால் வரை மண். அவர் தன் மொழியில் ஓதினார். நான் பரமண்டல ஜெபம் சொன்னேன். இந்த முறை கடைசிவரை.

பிறகு பஸ். பாலைவனம். துறைமுகம். கப்பல். விமானம். மீனம்பாக்கம்.

ஊரில் நடந்ததையும் சாட்சியமாகத்தான் எழுதுகிறேன். அதுவும் போரில் நடந்ததுதான்.

விமான நிலையத்தில் சால்வை போட்டார்கள். சபை வாசலில் பிளெக்ஸ். அதில் என் கல்லூரிப் படம். கீழே பெரிய எழுத்தில், வாக்குத்தத்தம் நிறைவேறியது. எபியின் படம் இல்லை. எங்கே என்று கேட்டேன். அதற்குத் தனியாக ஒன்று போட்டோமே, மழையில் கிழிந்துவிட்டது என்றார்கள்.

வாக்குத்தத்தம் என்றால் என்ன என்று வெளியாட்களுக்குச் சொல்ல வேண்டும். டிசம்பர் முப்பத்தொன்று ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையில் ஒரு தட்டு வரும். அதில் லேமினேட் செய்த சின்ன அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு வசனம். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். அதுதான் அந்த வருடத்துக்குக் கடவுள் நமக்குத் தந்த வாக்கு. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு அம்மாக்கள் எடுப்பார்கள். எனக்கு என் அம்மா எடுத்தார். எபிக்கு அவன் அம்மா ஜெயசீலி ஆன்ட்டி எடுத்தார். எனக்கு வந்த வசனத்தின் சாரம் இது: உன் பக்கத்தில் எத்தனை பேர் விழுந்தாலும் உனக்கு ஒன்றும் ஆகாது.

விழுந்தவன் யார் என்று அந்த அட்டையில் இல்லை.

வந்த மூன்றாவது நாள். காலைச் சாப்பாடு. விமானப்படைத் தளத்துப் பயிற்சி விமானம் ஒன்று வீட்டுக்கு மேலே போனது. சின்ன விமானம். சின்ன சத்தம். நான் சாப்பாட்டு மேசைக்கு அடியில். கையில் தோசை. அம்மாவும் குனிந்து உள்ளே வந்தார். அங்கேயே உட்கார்ந்துகொண்டு பேசினார்.

“ஒனக்கு ஒண்ணும் ஆவாதுடா. அந்தக் கார்டு சும்மா வரல. மொதல்ல ஜெயசீலி கைக்குத்தான் வந்துச்சு. ரெண்டு கார்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கினு. ஒண்ணு போதும், இன்னொண்ண போட்டுடுங்கன்னு தட்டு வெச்சிருந்தவங்க சொன்னாங்க. போட்டுட்டாங்க. அடுத்து நான் நின்னேன். மேலாக்க இருந்தத எடுத்தேன்.”

“அதனால?”

“அதனால ஒண்ணுமில்ல. சொன்னேன்.”

“யார் யாருக்கும்மா இது தெரியும்?”

அம்மா தோசையைப் பார்த்தார். “எல்லாருக்கும்.”

எழுந்து போய் வாந்தி எடுத்தேன்.

தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டுக்குக் கீழே கிளி ஜோசியக்காரர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். கிளி வெளியே வரும். ஒரு அட்டையை எடுக்கும். ஞாயிறு பள்ளியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பக்கம் பார்க்காதே. பாவம். மூடநம்பிக்கை. அந்தக் கிளியாவது ஒட்டிக்கொண்டு வந்த அட்டைக்காக ஒரு தாயைக் கொலைகாரி ஆக்கியதில்லை.

ஏனென்றால் சபை அதைத்தான் செய்திருந்தது. யாரும் நேராகச் சொல்லவில்லை. ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே சொன்னார்கள். எபியின் பாதுகாப்பை ஜெயசீலி தன் கையாலேயே திருப்பிப் போட்டுவிட்டாள். அது ஜோயலுக்குப் போனது. என்ன ஒரு தேவ திட்டம்.

ஊரப்பாக்கம் போனேன். ஜெயசீலி ஆன்ட்டி ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். கணவர் இல்லை. ஒரே பிள்ளை. கதவைத் திறந்தார். டீ போட்டார். சர்க்கரை அதிகம். எபிக்குப் பிடிக்கிற அளவு.

“நல்லா சாப்புடுறியாப்பா?”

“சாப்புடுறேன் ஆன்ட்டி.”

“அந்தக் கார்ட பத்திரமா வெச்சிரு. தொலைச்சிடாத.”

“ஆன்ட்டி, கார்டுக்கும் அவனுக்கும்...”

கையை உயர்த்தினார். வகுப்பில் பேச்சை நிறுத்துகிற கை. “ஆயர் சொன்னாரு. கர்த்தரோட நாமத்தச் சொல்லிக்கிட்டே நிம்மதியா கண்ண மூடிட்டானாம். நீதான் சொன்னேன்னாரு.”

நான் சொல்லவில்லை. எங்கள் சபையை நடத்தும் ஆயரிடம் எபியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் கேட்கவும் இல்லை. தானாக எழுதிக்கொண்டார்.

“எம்புள்ள அப்படி நிம்மதியா எதையும் செஞ்சதில்ல” என்றார் ஆன்ட்டி. “போ. அப்புறம் வா.”

வாசல் வரை வந்தார். செருப்பு மாட்டும்போது மெதுவாகச் சொன்னார். “நான் இப்பல்லாம் திருவிருந்து எடுக்கறதில்லப்பா. இந்தக் கையில அப்பத்த வாங்க முடியல.”

அன்று ஊரப்பாக்கத்திலிருந்து தாம்பரம் வரை ஜி.எஸ்.டி. ரோட்டில் நடந்தேன். உட்கார முடியவில்லை. ஆன்ட்டிக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். வீட்டில் அவர் கேட்க மாட்டார். சபை கட்டிய பொய் சபையில்தான் உடைய வேண்டும். கடவுள் காப்பாற்றிய கதையை ஞாயிற்றுக்கிழமை சபை முன் சாட்சியாகச் சொல்லக் கூப்பிட்டிருந்தார்கள். அதுவரை மறுத்துக்கொண்டிருந்தேன். வருகிறேன் என்று போன் செய்தேன்.

கமிட்டி செக்ரட்டரிக்கு ஏக மகிழ்ச்சி. ஆராதனைக்கு முன்னால் என்னை ஓரம் கட்டினார்.

“அஞ்சு நிமிஷம் தம்பி. டச்சிங்கா பேசு. முடிக்கும்போது கார்ட தூக்கிக் காட்டு. யூடியூப்ல போவுது. எபி மேட்டர் மட்டும் வேணாம்.”

“செத்தவன விட்டுட்டு எப்படி அங்கிள் சொல்றது?”

“சாட்சின்னா ஜெயம்பா. இது இரங்கல் கூட்டம் கெடையாது. ஜனங்க டல்லாயிடுவாங்க.”

மாதத்தின் முதல் ஞாயிறு. திருவிருந்து இருக்கிறது, இயேசுவின் கடைசி விருந்தின் நினைவாக. பீடத்தில் வெள்ளைத் துணி மூடி அப்பமும் திராட்சை ரசமும். கடைசி பெஞ்சில் கதவோரம் ஜெயசீலி ஆன்ட்டி. மற்றவர்கள் எழுந்து முன்னே போகும்போது அவர் நழுவி வெளியே போய்விடுவார் என்று அம்மா சொல்லியிருந்தார்.

மைக்கைப் பிடிக்கிறேன். கீபோர்ட் வாசிப்பவர் பின்னால் மெல்லிசாக ஆரம்பிக்கிறார். எங்கள் சபையில் சாட்சிக்கு அடியில் இசை ஓட வேண்டும். அழுகை எங்கே வர வேண்டும் என்று அது காட்டும்.

“அண்ணா, நிறுத்துங்க.”

நிற்கவில்லை.

“நிறுத்துங்கண்ணா! ப்ளீஸ்!”

நின்றது. மின்விசிறிச் சத்தம் மட்டும்.

சொன்னேன். முற்றம். கேன்கள். யார் கத்தியது. யார் படுத்தது. யார் படுக்கவில்லை. என் வசனம் நிறைவேறவில்லை என்றேன். எபிதான் என்னைப் படுக்க வைத்தான் என்றேன். பீரங்கி சுட்டவன் எங்கள் அட்டைகளைப் படித்துப் பார்க்கவில்லை. ஜெயசீலி ஆன்ட்டி தட்டில் போட்டது லேமினேட் செய்த ஒரு காகிதம். அதில் யார் உயிரும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. ஒட்டிக்கொண்டிருந்தது என்று பேசிய ஒவ்வொருவரும் எழுந்து போய் அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றேன். குரல் கீச்சென்று போனது. கவலைப்படவில்லை.

செக்ரட்டரி சவுண்ட் ஆபரேட்டருக்குக் கையால் ஏதோ காட்டினார். மைக் செத்தது. ஆயர் எழுந்தார். “நம்ம தம்பி இன்னும் அதிர்ச்சியில இருக்காரு. எல்லாரும் ஒரு நிமிஷம் ஜெபத்துல...”

“ஆயரே, கொஞ்சம் உக்காருங்க.”

கடைசி பெஞ்ச். ஜெயசீலி ஆன்ட்டி நின்றுகொண்டிருந்தார். மைக் தேவையில்லாத குரல். ஆயர் உட்கார்ந்தார்.

“ஜோயலு. அவன் உடனே போயிட்டானா?”

“இல்ல ஆன்ட்டி.”

“எவ்ளோ நேரம்?”

“ரொம்ப நேரம்.”

“ஜெபம் பண்ணானா?”

“இல்ல ஆன்ட்டி. தண்ணி கேட்டான்.”

“குடுத்தியா?”

“வயித்துல காயம். குடுக்கவே கூடாதுன்னு நர்ஸ் சொல்லிட்டாங்க. சட்டைய நனைச்சு உதட்டுல வெச்சேன். அவ்ளோதான்.”

யாரோ விம்மினார்கள். ஆன்ட்டி இல்லை. அவர் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். கணக்கு ஒன்றைச் சரிபார்ப்பது போல உதடு அசைந்தது. பிறகு சொன்னார்.

“அவருக்கும் அப்படித்தானே குடுத்தாங்க. ஒரு கடற்பஞ்சுல.”

சிலுவையில் தொங்கிய இயேசுவுக்குக் காடியில் தோய்த்துக் கொடுத்த கடற்பஞ்சைச் சொன்னார்.

பெரிய வெள்ளியன்று, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளை ஏழு பேருக்குப் பேசப் பிரித்துக் கொடுப்பார்கள். அவர் தாகம் என்று சொன்ன ஐந்தாம் வார்த்தை எப்போதும் வாலிபர் சங்கத்துக்கு. நானும் பேசியிருக்கிறேன். பக்கத்தில் மினரல் வாட்டர் பாட்டில். அது தண்ணீர்த் தாகம் அல்ல, ஆத்தும தாகம் என்று விளக்குவோம். கைதட்டல் விழும். எத்தனை சுத்தமான பொய். அது தண்ணீர்த் தாகம்தான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிற தாகம். அதை அவர் பட்டார் என்பதைவிடப் பெரிய செய்தி எனக்கு இனி யாரும் சொல்ல முடியாது.

துன்பம் விசுவாசத்தை வளர்க்கும் என்று மேடையில் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்னும் அருவருப்பாக இருக்கிறது. துன்பத்தை உரம் போல விற்கிறார்கள். அடுத்தவன் துன்பத்தை. ஆனால் நடந்ததை மறைக்க மாட்டேன். என் விசுவாசம் வளர்ந்தது. போகும்போது எனக்கிருந்தது என்னைக் காப்பாற்றுகிற கடவுள். பரீட்சை, வேலை, விசா எல்லாவற்றுக்கும் அவர். கார்ட்டூமில் அவர் வரவில்லை. மாடிப்படிக்குக் கீழே தொண்டை வறண்டு எங்களோடு கிடந்த ஒருவர் இருந்தார். அவரை எனக்கு முன்பு தெரியாது. அவரை விட்டு இனி என்னால் போக முடியாது. அதை எனக்குத் திறந்து காட்டியது ஆயர் அல்ல. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கணக்கு டீச்சர்.

திருவிருந்து தொடங்கியது. ஆயரின் குரல் தடுமாறியது. வரிசை நகர்ந்தது. நான் ஓரமாக நின்றேன். போகத் தோன்றவில்லை. சிலரோடு சேர்ந்து முழங்காலிட உடம்பு கூசியது.

ஜெயசீலி ஆன்ட்டி வந்தார். கதவுப் பக்கம் போகவில்லை. நடுப்பாதையில் நேராக வந்தார். என்னைத் தாண்டும்போது என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“வாடா.”

“நான் வரல ஆன்ட்டி. இவங்களோட...”

“யாரோட கூப்பிட்டேன்? என்னோட வா.”

பக்கத்தில் முழங்காலிட்டேன். ஆன்ட்டி இரண்டு கையையும் விரித்து நீட்டினார். ஒன்றின்மேல் ஒன்று. அப்பத்தை வாங்கினார். கிண்ணம் வந்தது. எல்லோரும் ஒரு மடக்குக் குடிப்போம். அவர் கிண்ணத்தை ஆயரின் கையோடு சேர்த்துப் பிடித்துச் சாய்த்துக் குடித்தார். தாகம் எடுத்தவர் குடிப்பது போல. தொண்டை ஏறி இறங்கியதைப் பார்த்தேன். ஆயர் கிண்ணத்தை இழுக்கவில்லை.

மன்னிப்புக் கேட்க யாரும் வரவில்லை. சாட்சி வீடியோவை யூடியூபிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

இழப்புகள்.

எபினேசர். ஊரப்பாக்கம். ஜெயசீலியின் மகன். வேப்பமரத்தடியில்.

அம் பஷீரின் அண்ணன் மகன். பெருநாளுக்கு மறுநாள். ரொட்டி வாங்கப் போனான்.

ஆர்.ஓ. தொட்டி ஒன்று. அதில் இருந்த தண்ணீர் முழுவதும்.

டயாலிசிஸ் இயந்திரங்கள் எல்லாம். எரிந்துவிட்டன என்று பிறகு நர்ஸ் செய்தி அனுப்பினார். அதன்பின் நர்ஸிடமிருந்து செய்தி இல்லை.

அம் பஷீரின் போன் அணைந்திருக்கிறது. அவரை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று தெரியவில்லை.

நடைபாதையில் படுத்திருந்தவர்கள். டயாலிசிஸ் இல்லாமல் அவர்கள் எத்தனை நாள் இருந்திருக்க முடியும் என்று எனக்குத் தெரியும். அது என் படிப்பு. பெயர்கள் தெரியாது. எத்தனை பேர் என்று அன்று எண்ணவில்லை. இந்தக் கணக்கில் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.